கன்வார்ஃப் கீஸுக்குப் போகிற கண்ணுக்கு

கண்ணு, அடுத்த சனிக்கிழமை அறைத்தோழிகளோடு கன்வார்ஃப் கீஸுக்குப் போகப்போகிறாய் என்று உன் அப்பன் போனில் சொன்னான். "புள்ள பார்ட் டைம் வேலையில மொத சம்பளம் வாங்கியிருக்கா, நாலு நல்லது எழுதி அனுப்புங்கண்ணா" என்றான். நான் சொல்லி அவன் எதையும் கேட்டதில்லை. நீயாவது கேட்கிறாயா பார்ப்போம்.

நீ இப்போது இருக்கிற இந்த இங்கிலாந்துப் போர்ட்ஸ்மத்தில் நானும் உன் பெரியம்மாவும் குடியிருந்த காலத்தில் சொந்தக்காரர் யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போகச் சொல்வார்கள். துறைமுக வாயிலை ஒட்டி, பழைய கடற்படை இடத்தில் எழுப்பி 2001-ல் திறந்த கடைவீதி அது. பெரிய பிராண்டுகள் தள்ளுபடி விலைக்கு விற்கிற கடைகள் மட்டும் சுமார் 90. சினிமா உண்டு, பவுலிங் உண்டு, தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிடுகிற ஓட்டல்கள் உண்டு, அண்ணாந்து பார்க்க ஒரு கோபுரமும் உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் வேலை ஆரம்பித்தவன் நான். துணி புறப்படுகிற ஊரையும் போய்ச் சேர்கிற ஊரையும் பார்த்தவன் என்கிற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

1. போவதற்கு முந்தின ராத்திரி உன் அலமாரியைத் திறந்து வை. என்ன இருக்கிறது, எது கிழிந்திருக்கிறது, எதைப் போட்டே பல மாதம் ஆயிற்று என்று பார். அப்புறம் ஒரு தாளில் எழுது. உன் பெரியம்மா கரண்ட் பில் வந்த உறையின் பின்பக்கத்தில்தான் எழுதுவாள். சாமான் பெயருக்கு நேராக, தான் கொடுக்கத் தயாராக இருக்கிற விலையையும் எழுதிவிடுவாள். "மழைக் கோட்டு – 40 பவுண்டு" என்று எழுதினால் 40தான். கடைக்காரன் 200ஐ அடித்துவிட்டு 90 போட்டிருந்தாலும் அவள் கை அதன் பக்கம் போகாது. நான் கேலி செய்வேன், "கடைக்குப் போகாமலே விலை சொல்றியே" என்று. "கடைக்குப் போன பிறகு சொல்ற விலை என்னோடதா, அவங்களோடதா?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. நீயும் உன் விலையை வீட்டிலேயே எழுதிவிடு. உள்ளே போனபின் அது தானாக ஏறிக்கொண்டே இருக்கும்.

2. அடித்த விலையைப் படிக்காதே. கொடுக்கப்போகிற விலையை மட்டும் படி. இது சொல்ல எளிது, செய்யக் கஷ்டம். ஆகவே கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

நம் ஊர் காதர்பேட்டையை நீ பார்த்திருக்கிறாய். வெளிநாட்டு ஆர்டருக்குத் தைத்து மிஞ்சியது, தேதி தவறிப்போய் ஷிப்மெண்ட் நின்றது, சின்னச் சின்னக் குறை உள்ளது எல்லாம் ஸ்டாக் லாட்டாக அங்கே வந்து குவியும். அவுட்லெட் கடை என்பதும் ஆதியில் அப்படித்தான் பிறந்தது. ஆலை வாசலிலேயே மிஞ்சியதைத் தொழிலாளிக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் மலிவாகக் கொடுத்தார்கள். பிறகு அதுவே தனி வியாபாரமாக வளர்ந்து, கடைகளை ஒரே இடத்தில் கூட்டி, வண்டி நிறுத்த இடம் கொடுத்து, காபிக்கடை வைத்து, ஒரு நாள் முழுக்க உன்னை அங்கே இருக்கவைக்கிற அளவுக்கு வந்துவிட்டது.

இன்றைக்கு அந்தக் கடைகளில் தொங்குவதில் போன பருவத்துச் சரக்கு உண்டு, மிஞ்சிய அளவுகள் உண்டு. சில பிராண்டுகள் அவுட்லெட்டுக்கென்றே தனியாகத் தைக்கச் சொல்லி வாங்குவதும் உண்டு. துணியின் கனம் கொஞ்சம் குறையும், பொத்தான் மாறும், உள்ளே லைனிங் இருக்காது, பெயர் மட்டும் அதே பெயர். அதில் ஏமாற்று என்று எதுவும் இல்லை, அந்த விலைக்கு அது நல்ல சரக்காகவே இருக்கலாம். ஆனால் சீட்டில் மேலே அச்சடித்திருக்கிறது 'பரிந்துரைக்கப்பட்ட சில்லறை விலை'. பரிந்துரை என்பதைக் கவனி. அந்த விலைக்கு அந்தச் சட்டை எந்தக் கடையிலும் ஒருநாளும் தொங்காமலே இருந்திருக்கக்கூடும்.

கணக்கைப் பார். சீட்டில் 80 பவுண்டு, கேட்பது 32. உன் தாளில் நீ எழுதியிருந்தது 20. வாங்கிவிட்டு வெளியே வருகிறவள், "48 பவுண்டு மிச்சம் பண்ணினேன்" என்பாள். அவள் பையிலிருந்து 12 பவுண்டு கூடுதலாகப் போயிருக்கிறது, அவ்வளவுதான் நடந்தது.

3. துணியைத் திருப்பிப் பார்க்கக் கற்றுக்கொள். எனக்கு வேலை பழக்கிய செக்கிங் மாஸ்டர் சொல்வார்: "முன்பக்கம் பார்க்கிறவன் வாங்குகிறவன், உள்பக்கம் பார்க்கிறவன் தெரிந்தவன்." தோள் தையல் நேராக ஓடுகிறதா, பக்கத் தையலைப் பிடித்து இழுத்தால் நூல் இளிக்கிறதா, கழுத்து ரிப் இழுத்துவிட்டால் திரும்பி வருகிறதா, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கத்து விரல் தெரிகிறதா, கோடு போட்ட துணியென்றால் பக்கத்தில் கோடும் கோடும் சேர்கிறதா. இவ்வளவு போதும். செருப்பு, ஷூ என்றால் சாயங்காலம் போட்டுப் பார். நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், காலையில் பொருந்தியது அப்போது கடிக்கும்.

உள்லேபிளில் இந்தியா என்றோ வங்காளதேசம் என்றோ இலங்கை என்றோ போட்டிருப்பதைப் பார்த்ததும் சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பத் தொங்கவிடுவார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளே அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன். "இதுக்கா இங்கிலாந்து வந்தோம்" என்பார்கள். கண்ணு, உன் பாட்டி பிசிறு வெட்டிய கையால்தான் உன் அப்பனைப் படிக்கவைத்தாள். பவர் டேபிளில் கைமடித்த உன் அத்தை கல்யாணத்துக்கு அந்தக் கூலியில்தான் தாலிக்கொடி எடுத்தோம். ஒரு டி-ஷர்ட்டை அந்தக் கடலோரத்தில் கையில் எடுக்கும்போது அது எத்தனை கைமாறி வந்தது என்று ஒரு கணம் நினைத்துப் பார். வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. சுருட்டி எறியாதிருந்தால் போதும்.

4. பேரம் பேசாதே. அங்கே விலை சீட்டில் இருக்கிறது, கல்லாவில் நிற்கிற பிள்ளைக்கு அதைக் குறைக்கிற அதிகாரம் கிடையாது. கேட்டால் அந்தப் பிள்ளை சிரித்துச் சமாளிக்கும், உள்ளுக்குள் சங்கடப்படும். குறை ஏதாவது கண்ணில் பட்டால் மட்டும் பொறுமையாகக் காட்டிக் கேள். சில இடத்தில் மேலாளரைக் கூப்பிட்டுக் கொஞ்சம் குறைத்துத் தருவார்கள், தராவிட்டால் நன்றி சொல்லி வைத்துவிடு.

அங்கே வேலை பார்க்கிறவர்களில் பாதிப்பேர் உன் வயதுதான் இருப்பார்கள், உன்னைப் போலவே வகுப்பு முடித்து ஓடிவந்து நிற்கிற மாணவர்கள். நீ பிரித்துப் பார்த்த ஸ்வெட்டரை அவர்கள்தான் கடை மூடியபின் நின்று மடிக்கவேண்டும். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், டிசம்பர் 26, பாக்சிங் டே தள்ளுபடி என்று கூட்டம் அலைமோதும். அப்படி ஒரு நாளில் ஒரு கடையின் ட்ரையல் அறை வாசலில் ஒரு பெண்பிள்ளை, ஆள் உயரத்துக்குக் குவிந்த உடைகளுக்கு நடுவே நின்று, உள்வெளியாகக் கிடந்த ஒவ்வொன்றையும் திருப்பிக்கொண்டிருந்தாள். வரிசையில் நின்ற ஒரு பாட்டியம்மா, வெள்ளைக்காரக் கிழவி, ஒன்றும் பேசாமல் தன் பையைக் கீழே வைத்துவிட்டுக் கூட நின்று ஹாங்கரில் மாட்ட ஆரம்பித்தாள். நீ அவ்வளவு செய்யவேண்டாம். நீ எடுத்ததை நீ மடித்து வை. அதை வைத்தே உன்னை வளர்த்தவர்களை எடைபோடுவார்கள்.

5. பில்லை வாங்கிப் பர்ஸில் வை. கடையில் நேரில் போய் வாங்கிய சாமானை, மனசு மாறிவிட்டது என்பதற்காகத் திருப்பிக் கொடுக்கிற உரிமை இந்த நாட்டுச் சட்டத்தில் இல்லை. ஆன்லைனில் வாங்கியதற்கு உண்டு, 14 நாள். நேரில் வாங்கியதை அவர்கள் திருப்பி எடுத்துக்கொண்டால் அது அந்தக் கடையின் பெருந்தன்மை, ஆகவே பணம் கொடுக்கும் முன்னால் எத்தனை நாளில், எந்தக் கிளையில் திருப்பலாம் என்று கேட்டுக்கொள். சில பிராண்டுகளின் அவுட்லெட் சரக்கை ஊருக்குள் இருக்கிற அவர்களது சாதாரணக் கடையில் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். சாமானே பழுது என்றால் கதை வேறு. 2015ஆம் வருஷத்து நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் கொடுத்துவிட்டு முழுப் பணத்தையும் கேட்கலாம். அதற்குக் கெஞ்சவும் வேண்டாம், கத்தவும் வேண்டாம்.

ஒன்று மட்டும் செய்யாதே. சீட்டை உள்ளே மறைத்துக்கொண்டு ஒரு விருந்துக்குப் போட்டுவிட்டு, திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கிற வழக்கம் உன் தோழிகளில் யாருக்காவது இருக்கலாம். கெட்டிக்காரத்தனம் என்று சொல்வார்கள். வியர்வை பட்ட துணி செக்கிங் டேபிளுக்கு வந்தால் தொட்டவுடன் தெரியும், கண்ணு. தெரிந்தும் அந்தக் கல்லாப் பிள்ளை வாயைத் திறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளும். அந்த மௌனத்தின் முன்னால் நீ நிற்கக்கூடாது.

6. யாரோடு போகிறாய் என்று யோசி. நாலு பேர் சேர்ந்து போனால் நாலு பர்ஸும் ஒரே கனமாக இருக்காது. ஒருத்திக்கு ஊரில் அப்பா அனுப்புவார், ஒருத்தி கல்விக் கடனின் வட்டியை நினைத்துக்கொண்டே பஸ்ஸில் ஏறுவாள். நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பக்கத்தில் நம் பையன்கள் சிலர் சேர்ந்து தங்கியிருந்தார்கள். ஒரு தடவை எல்லாரையும் கூட்டிக்கொண்டு அங்கே போனோம். மத்தியானம் தண்ணீர்க்கரை ஓட்டல் ஒன்றில் நுழையும்போது அவர்களில் ஒருவன், "எனக்குப் பசியில்ல அங்கிள், நீங்க சாப்பிடுங்க, நான் கப்பல் பார்த்துட்டு வர்றேன்" என்றான். காலை ஆறு மணிக்குக் கிடங்கு வேலை முடித்து வந்தவன். உன் பெரியம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எனக்கும் இந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கல, புளிசாதம் கட்டிட்டு வந்திருக்கேன், பெஞ்சுல உட்கார்ந்து சாப்பிடலாம்" என்றாள். எல்லாரும் அவள் பின்னாலேயே போனோம். யாருக்கும் யாரிடமும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆகவே டப்பா கட்டிக்கொண்டு போ, வெட்கப்படாதே. கரையோரம் பெஞ்சுகள் இருக்கின்றன, காசு கேட்கமாட்டார்கள். கடற்காகத்துக்கு மட்டும் பயப்படு. கையில் இருப்பதை அப்படியே பறித்துக்கொண்டு போகும், அதற்குப் புளிசாதமும் ஒன்றுதான், மீன் வறுவலும் ஒன்றுதான்.

'இப்போது வாங்கு, மூன்று தவணையில் கட்டு' என்று போனிலேயே கடன் கொடுக்கிறார்கள். ஒரு சட்டைக்குத் தவணை கட்டுகிற நிலைமையில் இருந்தால் அந்தச் சட்டை உனக்கு இப்போதைக்கு வேண்டாம். தோழியிடமும் கைமாற்றாக வாங்காதே. காசு திரும்பிப் போய்விடும், வாங்கிய பேச்சு திரும்பாது.

7. கால் வைத்திருக்கிற மண் எது என்று தெரிந்துகொள். கன்வார்ஃப் என்றால் பீரங்கித் துறை. கப்பல்கள் பழுதுபார்க்க வரும்போது பீரங்கிகளை இறக்கி வைத்துப் பாதுகாத்த இடம். அந்தக் காலத்துப் படைக்கலக் கிடங்கு ஒன்று இன்னும் நிற்கிறது, வல்கன் கட்டடம் என்பார்கள், மேலே வீடுகளாக்கிவிட்டார்கள். 1923-ல் இந்த இடத்துக்கு எச்.எம்.எஸ். வெர்னன் வந்து சேர்ந்தது. பெயர்தான் கப்பல் பெயர், உண்மையில் அது கரையில் இருந்த கடற்படைப் பள்ளிக்கூடம். டார்பிடோவும் கண்ணிவெடியும் முக்குளிப்பும் அங்கேதான் கற்றுக்கொடுத்தார்கள்.

1939 நவம்பரில் ஜெர்மானியர்கள் புதுவிதக் கண்ணிவெடி ஒன்றைக் கடலில் போட ஆரம்பித்திருந்தார்கள். கப்பல் அதன்மேல் மோதவே வேண்டாம், இரும்பு உடம்போடு மேலே கடந்துபோனாலே அதன் காந்தம் உறைத்து வெடிக்கும். எப்படி வேலை செய்கிறது என்று பிரிட்டனில் யாருக்கும் தெரியவில்லை, கப்பல்கள் மூழ்கிக்கொண்டிருந்தன. ஷூபரினஸ் என்ற இடத்தில் அப்படிப்பட்ட வெடி ஒன்று தவறிச் சேற்றில் விழுந்தது. வெர்னனிலிருந்து ஜான் ஊவ்ரி என்ற அதிகாரி போனார். கூட பால்ட்வின் என்ற சக வீரர். வேறு இருவர் தூரத்தில் நின்று குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அடுத்து எந்தத் திருகைக் கழற்றப்போகிறார் என்பதை முன்கூட்டியே அவர்களுக்குத் தெரிவித்துவிட்டுத்தான் ஊவ்ரி கை வைத்தார். அது வெடித்துத் தான் செத்தால், எந்த இடத்தில் தப்பு என்பது அடுத்து வருகிறவனுக்குத் தெரியவேண்டும் அல்லவா? வெடிக்கவில்லை. அதை வெர்னனுக்குக் கொண்டுவந்து ஆராய்ந்து, கப்பல்களின் காந்தத்தைத் தணிக்கிற வழியைக் கண்டுபிடித்தார்கள். எவ்வளவோ மாலுமிகள் அதனால் வீடு திரும்பினார்கள்.

முக்குளிப்பு வீரரும் கண்ணிவெடியுமாக ஒரு நினைவுச் சிலையைக் கடைகளுக்கு நடுவே 2020-ல் வைத்திருக்கிறார்கள். பைகளைச் சுமந்துகொண்டு எல்லாரும் அதைக் கடந்துபோவார்கள். நீ கொஞ்சம் நில். வயதான ஒருவர் அந்தப் பக்கத்துப் பெஞ்சில் என்னோடு பேசியபோது தான் அங்கே பயிற்சி எடுத்தவர் என்றார். "இப்போது ஷூ விற்கிறார்களே, வருத்தமாக இல்லையா?" என்று கேட்டேன். "வெடியைவிட ஷூ நல்லதுதானே" என்று சொல்லிவிட்டுத் தன் காபியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

8. ஸ்பின்னக்கர் கோபுரத்தில் ஏற நினைத்தால் வானத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டு எடு. 170 மீட்டர் உயரம், காற்று நிறைந்த பாய்மரம் போல வடிவம். 2000ஆம் வருஷக் கொண்டாட்டத்துக்கென்று திட்டமிட்டது, முடிந்து திறந்ததென்னவோ 2005 அக்டோபரில்தான். பார்வைத் தளம் 100 மீட்டரில் இருக்கிறது, அங்கே கண்ணாடித் தரையும் உண்டு. மேகம் கவிந்த நாளில் ஏறினால் மேகத்தைத்தான் பார்க்கலாம், அதற்குக் காசு வேண்டாம். கண்ணாடியில் கால்வைக்கப் பயப்படுகிற தோழியைக் கையைப் பிடித்து இழுத்து வீடியோ எடுக்காதே.

9. கடையில் இருக்கிற நேரத்தில் பாதியாவது தண்ணீருக்குக் கொடு. எல்லாச் சொந்தக்காரரிடமும் இதைச் சொல்லித் தோற்றவன் நான்.

கடைவீதியை விட்டு வெளியே வந்தால் துறைமுக ரயில் நிலையம், தண்ணீரில் நட்ட கால்களின்மேல் நிற்கிறது, 1876-லிருந்து. அதன் அருகே தி ஹார்டு என்ற பழைய கரை. வேலை இல்லாத காலங்களில், வறுமைப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் நீர் வற்றிய நேரத்தில் அங்கே சேற்றில் இறங்கி நிற்பார்களாம். ரயிலுக்கும் படகுக்கும் போகிறவர்கள் மேலேயிருந்து காசை வீசுவார்கள், பிள்ளைகள் தலைகீழாகச் சேற்றில் பாய்ந்து எடுப்பார்கள், அதுதான் வேடிக்கை. சேற்றுக் குருவிகள் என்று சொல்லலாம் அவர்களை. இரண்டு பிள்ளைகளின் சிலை அங்கே இருக்கிறது, தேடிப் பார். பக்கத்துக் கடைவீதியில் காசு பறக்கிற வேகத்தைப் பார்த்துவிட்டு இங்கே வந்து நின்றால், யார் வீசினார்கள், யார் பாய்ந்தார்கள் என்ற கணக்கு கொஞ்ச நேரம் மனசில் ஓடும்.

அங்கேயே காஸ்பர்ட்டுக்குப் போகிற சின்னப் படகு உண்டு. சில நிமிஷப் பயணம். அக்கரையில் பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் நடுத்துறையிலிருந்து திரும்பிப் பார்த்தால்தான் ஊர் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று புரியும். வாரியர் என்ற இரும்புக் கப்பல், 1860-ல் மிதக்கவிட்டது, கரும்பக்கத்தோடு நிற்கும். அதற்கு அப்பால் நெல்சன் என்ற கடற்படைத் தளபதியின் விக்டரி கப்பல்.

இன்னொரு கப்பலை நீ பார்க்க முடியாது, ஆனால் அது அங்கே பல பத்தாண்டுகள் நின்றது. 1817-ல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டிய போர்க்கப்பல், பெயர் திருகோணமலை. ஆமாம், நம் மொழி பேசுகிற அந்தத் திருகோணமலைதான், ஆங்கிலேயர் வாயில் ட்ரிங்கோமலி. பிறகு வேறு பெயர் வைத்து, பிள்ளைகளுக்குக் கடல் பழக்குகிற பயிற்சிக் கப்பலாக இந்தத் துறைமுகத்திலேயே 1980கள் வரை கட்டி வைத்திருந்தார்கள். இப்போது பழைய பெயரோடு வடக்கே ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. பிரிட்டனின் போர்க்கப்பல்களில் இன்னும் தண்ணீரில் மிதப்பவற்றுள் மூத்தது அதுதான். இந்தியத் தேக்கு உளுத்துப்போகாமல் இவ்வளவு காலம் நின்றிருக்கிறது.

கடைவீதியிலிருந்து தெற்கே பழைய போர்ட்ஸ்மத்துக்கு நடக்க ஒரு பாதை உண்டு. தரையில் சங்கிலி வடிவம் பதித்திருப்பார்கள், அதைப் பிடித்துக்கொண்டே போ. எதிரிக் கப்பல் நுழையாமல் துறைமுக வாயின் குறுக்கே முற்காலத்தில் சங்கிலி கட்டியிருந்தார்கள், அதன் நினைவு. போனால் வட்டக் கோபுரம் வரும். படிக்கட்டு ஏறி மேலே நின்றால், வாயில் எவ்வளவு குறுகல் என்று தெரியும். பெரிய போர்க்கப்பல் வெளியே போகிற நாளில் அங்கே குடும்பங்கள் கூடிநின்று கையசைக்கும். அதற்குச் சீட்டும் இல்லை, தள்ளுபடியும் இல்லை.

10. ஊருக்கு வாங்குவதை நிதானமாக வாங்கு. முதல் சம்பளம் என்றதும் அத்தைக்கு, சித்திக்கு, எதிர்வீட்டு அக்காவுக்கு என்று பட்டியல் நீளும். திருப்பூரின் ஏப்ரல் வெயிலில் கம்பளிக் கார்டிகனை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வார்கள்? எனக்குத் தெரிந்த ஒருவர், பிள்ளை பாசமாக அனுப்பிய தோல்கையுறையைப் பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுவார். காட்டி முடித்ததும் ரகசியமாக, "ரெண்டு நாள் லீவு போட்டு வந்துட்டுப் போயிருக்கலாம்" என்பார்.

குழந்தைகளுக்கு வாங்கு, அது நல்லது. இந்த நாட்டில் சிறுபிள்ளை உடைக்கும் செருப்புக்கும் வாட் வரி கிடையாது. அளவு ஒன்றைக் கூட்டியே எடு, நீ ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் வளர்ந்திருப்பார்கள். ஊரிலிருந்து உன்னைப் பார்க்க வருகிறவர்கள் ஏர்போர்ட்டில் வரியைத் திரும்ப வாங்கலாம் என்று சொல்லிக்கொண்டு வாங்குவார்கள். 2021 ஜனவரியோடு அதை நிறுத்தியாயிற்று, முன்னமே சொல்லிவிடு. உன் அப்பனுக்கு எதுவும் வாங்காதே. அவனுக்கு வாரம் ஒரு தடவை வீடியோவில் முகம் காட்டு, அதுவும் பேசிக்கொண்டே வேறு எதையோ பார்க்காமல்.

11. வெறுங்கையோடு திரும்ப வெட்கப்படாதே. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்தவர்கள் மடியில் நாலு பை வைத்திருப்பார்கள், உன் தோழிகள் "இவ்வளவு நேரம் சுத்திட்டு ஒண்ணுமே எடுக்கலையா" என்பார்கள். தாளில் எழுதிய சாமான் எழுதிய விலைக்கு அமையவில்லை, அவ்வளவுதானே. லண்டனிலிருந்து ஒன்றரை, இரண்டு மணி நேரம் ரயிலில் வருகிறவர்கள் டிக்கெட் காசை ஈடுகட்டவேண்டும் என்றே எதையாவது வாங்கித் தொலைப்பார்கள். நீ அந்த ஊரிலேயே இருக்கிறாய், மறுபடி போகலாம்.

12. மிச்சம் எல்லாம் சில்லறை விஷயம். சனிக்கிழமை மத்தியானக் கூட்டத்தைத் தவிர்த்துக் காலையிலேயே போ. நாள் மாறி ஞாயிறு ஆகிவிட்டால் ஒன்று நினைவில் வை: 1994 சட்டப்படி பெரிய கடைகள் ஞாயிற்றுக்கிழமை காலை 10லிருந்து மாலை 6க்குள் ஆறு மணி நேரம்தான் விற்கலாம். தோழி யாராவது கார் எடுத்து வந்தால் உள்ளே நிறுத்துகிற கட்டணம் கையைக் கடிக்கும், ஊர் எல்லையில் விட்டுவிட்டுப் பார்க் அண்டு ரைடு பஸ்ஸில் வரச் சொல். பிளாஸ்டிக் பைக்கு 10 பென்ஸ் கேட்பார்கள். உன் பெட்டியில் அம்மா வைத்த மஞ்சப்பை இருக்குமே, அதை எடுத்துக்கொள். காற்றைத் தடுக்கிற ஜாக்கெட் ஒன்றும் கட்டாயம் போட்டுக்கொண்டு போ. துறைமுகக் காற்று கோடையிலும் காதைப் பிடுங்கும். போய் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதே. குளிரில் நடுங்கிக்கொண்டு கடைக்குள் நுழைகிறவளுக்கு எந்த விலையும் மலிவாகத்தான் தெரியும்.